திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு, மலையகம் எனப் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் திருகோணமலைக்குப் புறப்படுகின்றன. கோணேசர் கோயிலுக்கு வருவோர் அனைவரும் பிரெட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்துதான் மலைக்கு ஏறுகிறார்கள். ஆயினும் கோட்டையைக் கோட்டையாகப் பார்த்துச் செல்வோர் மிகச் சிலரே. இந்த ஊரில் வாழ்கிற எங்களிடம் உறவினரும் நண்பரும் பயணத்துக்கு முன் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

இது தீவில் இருக்கும் கோட்டையா? படகில் போகவேண்டுமா?

படகு தேவையில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்தவர்கள், திருகோணமலைக் கோட்டையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. மட்டக்களப்புக் கோட்டையும் வாவி சூழ்ந்த புளியந்தீவில் இருப்பதால் அந்த எண்ணம் மேலும் வலுப்படுகிறது. பிரெட்ரிக் கோட்டையோ கடலுக்குள் நீண்டு சென்று செங்குத்தாக முடிகிற ஒரு மலைமுனையில் அமைந்தது. வடக்கே வெளிக்குடாவும், கிழக்கே திறந்த வங்கக் கடலும், தெற்கே டச்சுக் குடாவும் அதைச் சூழ்ந்திருக்க, மேற்கில் மட்டும் ஓர் ஒடுங்கிய நிலப்பகுதி அதை நகரத்தோடு இணைக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்குக் குறுக்கே கனமான மதிலை எழுப்பிவிட்டால் மற்ற மூன்று பக்கங்களையும் கடலும் பாறையும் பார்த்துக்கொள்ளும் என்பதே இதைக் கட்டியவர்களின் கணக்கு. வாசலுக்கு முன்னால் சற்று நின்று இருபுறமும் மதில் எப்படிக் கடலை நோக்கி ஓடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், இந்த இடத்தைத் தேர்ந்த காரணம் விளக்கமில்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும்?

கோயிலையும் கோட்டையையும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். வாகனத்தில் நேரே மேலே போய்ச் சுவாமி கும்பிட்டு, மலையுச்சியிலுள்ள பாறைவெடிப்பான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு ஒரு மணிநேரம் போதும். பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் அவ்வளவு நேரந்தான் தருகின்றன. ஆனால் இந்தக் கோட்டையின் வரலாறு வாசலிலிருந்து மலையுச்சி வரை வழி நெடுகக் கிடக்கிறது. ஓரிடத்திலும் நிற்காமல் ஏறி இறங்குவோருக்கு அதில் எதுவும் எட்டாது. தூர இடத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வருகிற குடும்பம், வந்த களைப்போடு கோட்டைக்குள் நுழையாமல், ஊரில் ஓர் இரவு தங்கி மறுநாள் விடியற்காலையில் போவதே எங்கள் விருப்பத்துக்குரிய யோசனை.

ஆண்டில் எந்த மாதங்கள் ஏற்றவை?

மார்ச் முதல் செப்டெம்பர் வரையான காலம் ஏற்றது. அந்த மாதங்களில் இங்கே மழை குறைவு. கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகலின் வெக்கை கடுமையாக இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரின் பின்பகுதியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். அப்போது மலைப்பாதை வழுக்கும். முனையில் காற்று பலமாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் படகுப் பயணம் போவதற்கும் கடல் இடம் தராது.

திருவிழாக் காலங்களைப் பற்றியும் ஒரு சொல். பங்குனி, சித்திரையில் நடைபெறும் ஆண்டுத் திருவிழாவின்போதும், மகா சிவராத்திரியையொட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களிலும் ஊரே திரண்டு நிற்கும். பக்தியோடு வருவோருக்கு அதைவிடச் சிறந்த காலம் இல்லை. கோட்டையை ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்து, வெள்ளிக்கிழமையும் போயா தினமும் அல்லாத ஒரு வார நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

நாளில் எந்த நேரத்தில் போவது நல்லது?

விடியற்காலை. திறந்த கிழக்குக் கடலைப் பார்த்த மலை ஆகையால் சூரியன் நேரே கடலிலிருந்து எழுவதைக் காணலாம். வெயில் ஏறுமுன் பூசையும் முடிந்துவிடும். நண்பகலுக்குப் பின் சில மணிநேரம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால், பதினொரு மணிக்கு வாசலுக்கு வந்து சேர்கிற குடும்பம் அவசர அவசரமாக மேலே ஓடவேண்டியிருக்கும். போதாததற்கு, நண்பகலில் கோயில் வீதியின் கற்தளம் வெறுங்காலுக்குத் தாங்காது. குழந்தைகள் அழுவதை அங்கே அடிக்கடி காணலாம். காலையில் வர இயலாதவர்கள் நான்கு மணிக்குப் பின் வாருங்கள். மாலை வெயில் பின்பக்கத்திலிருந்து விழுவதால் டச்சுக் குடாவின் நீரும் எதிர்க்கரையும் அப்போது தெளிவாகத் தெரியும். இருட்டியபின் மதிலோரங்களில் நிற்பது பாதுகாப்பன்று.

நுழைவதற்குக் கட்டணம் உண்டா? சோதனை இருக்குமா? வாகனம் எதுவரை போகும்?

கோட்டை வாசலைக் கடப்பதற்குக் கட்டணம் கிடையாது. கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருப்பதால் வாசலில் படையினர் நிற்பார்கள். பைகளைத் திறந்து காட்டச் சொல்லக்கூடும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் கடவுச்சீட்டை அல்லது அதன் பிரதியைக் கொண்டுவருவது நல்லது. வாகனத்தை எதுவரை விடுவார்கள் என்பது கூட்டத்தைப் பொறுத்து மாறுவதால், வாசலில் சொல்வதைக் கேட்டு நடவுங்கள். வாசலிலிருந்து கோயில் வரை ஏற்றமான பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இருக்கும்.

அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

தாராளமாக வரலாம். பாதை தார் போட்டது. சரிவு முதலில் மெதுவாகவும் கோயிலை நெருங்கும்போது செங்குத்தாகவும் இருக்கும். நடக்க இயலாத முதியவர்களை வாசலிலிருந்து ஓட்டோவில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு, மற்றவர்கள் நடந்து வரலாம். ஆனால் முதியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். மேலே இறங்கியபின் செருப்பைக் கழற்றி வைப்பதற்கும், படிகளில் ஏறுவதற்கும், நிழலான இடம் பார்த்து இருப்பதற்கும் ஒருவர் கைப்பிடிக்கத் துணை இருக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருவோருக்குக் கோயிலின் உள்வீதி வரை செல்வது கடினம்; கோயில் முன்றலிலிருந்து கடலைப் பார்ப்பதில் இடையூறு இராது.

கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவதைவிடத் தோளில் கட்டி எடுத்துவருவது எளிது. நடக்கத் தொடங்கிய இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளே மிகுந்த கவனத்துக்குரியவர்கள். மலையின் கிழக்கு ஓரத்தில் கம்பி வேலியும் சுவரும் இருந்தாலும் அவை எல்லா இடத்திலும் பிள்ளைகளைத் தடுக்கும் உயரத்தில் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று புறப்படும்போதே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்பதுதான் ஆபத்தான நிலைமை.

கோட்டையை யார் கட்டினார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்; ஏனெனில் கோட்டையின் கதை கோயிலின் கதையிலிருந்துதான் தொடங்குகிறது.

கோணேசர் கோயில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். அருணகிரிநாதரும் இதனைப் பாடியிருக்கிறார். கடலோரத்திலும் மலைச்சரிவிலும் உச்சியிலுமாகப் பரந்து நின்ற அந்தப் பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1622ஆம் ஆண்டில் இடித்தான். புத்தாண்டு நாளில் சுவாமி வெளிவீதி சென்றிருந்த வேளையில், அந்தணர் வேடமிட்ட படைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் 1624ஆம் ஆண்டில் முக்கோண வடிவான கோட்டையொன்று அந்த முனையில் எழுந்தது. அதற்கு வேண்டிய கற்களைத் தேடி அவர்கள் தொலைதூரம் போகவில்லை; இடித்த கோயிலின் கற்களையே எடுத்துக் கட்டினார்கள். இந்த ஒன்றைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் போதும். அதன்பின் அந்த மதிலை அவர்கள் வெறும் மதிலாகப் பார்க்கமாட்டார்கள்.

போர்த்துக்கேயருக்கு அந்தக் கோட்டை பதினைந்து ஆண்டுகளே நிலைத்தது. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பாடு செய்திருந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள், கோட்டை அழிக்கப்பட்டது. 1665இல் அவர்களே திரும்பி வந்து மீண்டும் கட்டினார்கள். பிற ஐரோப்பியர் இந்தத் துறைமுகத்தின்மேல் கண்வைத்திருந்ததே அதற்குக் காரணம். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று இங்கே வந்து சில காலம் நிலைகொள்ளவும் செய்தது.

சண்டைக் கதை கேட்க விரும்பும் பிள்ளைகளுக்கு 1782ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். அந்த ஒரே ஆண்டில் கோட்டை இருமுறை கைமாறியது. ஜனவரியில் பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் மாத முடிவில் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி படையை இறக்கி அதைப் பறித்துக்கொண்டார். கோட்டையைக் காக்க விரைந்து வந்த பிரித்தானியத் தளபதி ஹியூஸ் செப்டெம்பர் தொடக்கத்தில் குடாவை அடைந்தபோது கோட்டையின்மேல் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. மறுநாள், செப்டெம்பர் 3ஆம் திகதி, இரு கடற்படைகளும் இந்தக் கடலிலே பொருதின. அந்தப் போரில் எவருக்கும் முடிவான வெற்றி கிட்டவில்லை. சமாதான உடன்படிக்கைக்குப் பின் கோட்டை மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்தது. 1795இல் பிரித்தானியர் திரும்பவும் அதைக் கைப்பற்றினர். 1803இல், அரசர் மூன்றாம் ஜோர்ஜின் மகனான யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினர். இலங்கை சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் சென்றபின்னும் அந்தப் பெயரே நிலைத்திருக்கிறது.

இத்தனை பேர் இந்த முனைக்காகச் சண்டையிட்டதன் காரணத்தையும் சொல்லவேண்டும். திருகோணமலைத் துறைமுகம் இயற்கையிலேயே மிக ஆழமானது. கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வந்து முடிகிறது. பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையில் பாய்மரக் கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தக்க துறை இல்லாத நிலையில், இந்தத் துறைமுகத்தை வைத்திருப்பவரே வங்கக் கடலில் கப்பற்படையைக் காப்பாற்ற முடியும். மலைமேல் நின்று கடலின் நிறத்தைக் கவனித்தால், கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே அது கருநீலமாவது தெரியும்.

வாசலில் மீன் செதுக்கிய கல் இருக்கிறதாமே?

இருக்கிறது. வாசற்கற்களில் பாண்டியரின் கயல் இலச்சினையைக் காணலாம். பாண்டியர் இந்தத் தலத்தோடு கொண்டிருந்த தொடர்புக்கு அது சான்று. அதனோடு, ஒரு தமிழ்க் கல்வெட்டின் சிதைந்த வரிகளும் வாசல் தூணில் உள்ளன. பழைய மன்னன் குளக்கோட்டன் இக்கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், அழிப்பார்கள் என்று முன்கூட்டியே உரைக்கும் பாடலாக அது இங்கே வழங்கிவருகிறது. பறங்கியருக்குப் பின் பூனைக்கண்ணரும் செங்கண்ணரும் புகைக்கண்ணரும் ஆள்வார்கள் என்று பாடல் தொடரும். கல்லில் தெளிவாகத் தெரிவது சில எழுத்துகளே. மற்றவற்றை மக்கள் நாவில் வழங்கிய பாடலைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். கல்லில் உள்ளதையும் மரபில் உள்ளதையும் இரண்டாகப் பிரித்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இரண்டும் மதிப்புடையவை.

வாசல் வளைவின்மேல் பிரித்தானிய அரச இலச்சினையும் இருக்கிறது. பாண்டியரின் மீனும் பிரித்தானியரின் சிங்கமும் ஒரே வாசலில் இருப்பதை நின்று பாருங்கள் என்று வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். வாகனங்கள் அந்த வளைவினூடாகவே போய்வருவதால், பிள்ளைகளை ஓரமாக நிறுத்திக்கொண்டு பாருங்கள். எழுத்துகளின்மேல் சுண்ணாம்போ குங்குமமோ பூசிப் படம் எடுப்பது கல்லைக் கெடுக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போதுள்ள கோயில் எப்போது எழுந்தது? எப்படி உடுத்திக்கொண்டு போகவேண்டும்?

1950ஆம் ஆண்டில் நகரசபை கிணறு வெட்டியபோது, பழைய கோயிலைச் சேர்ந்த சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அழிவின்போது அடியார்கள் புதைத்துக் காப்பாற்றியவை அவை என்பது எங்கள் நம்பிக்கை. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடியபோது பழைய கோயிலின் தூண்களையும் சிற்பவேலை செய்த கற்களையும் கண்டனர். மக்களின் முயற்சியால் மீண்டெழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மலையடியில் இன்றும் சுழியோடிகள் அந்தக் கற்களைக் காண்கிறார்கள்.

உடையைப் பொறுத்தவரை, தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். வேட்டி, சேலை, பாவாடை சட்டை, பஞ்சாபி எதுவும் பொருந்தும். கடலில் குளித்த உடையோடு நேரே கோயிலுக்கு வருவோரைக் காணும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. மாற்றுடை ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். கோயிலுக்குப் போகும் நாளில் மச்சம் மாமிசம் தவிர்ப்பது எங்கள் வழக்கம். ஆகவே மீன் சாப்பாட்டை மலையிலிருந்து இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம்.

இராவணன் வெட்டுக்கு அருகில் போகலாமா? காதலர் பாய்ந்த பாறை என்பது எது?

கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 அடி உயரம். பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்ததுபோலத் தோன்றும் ஒடுங்கிய வெடிப்பே இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணன் வாளால் வெட்டிய தடம் அது என்பது தலக்கதை. வேலிக்கு உட்புறம் நின்று பார்ப்பதில் அச்சமில்லை. வேலியைத் தாண்டிப் பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பதை எவருக்கும், இளைஞர்களுக்கும், அனுமதிக்காதீர்கள். அங்கே காற்று திடீரெனத் திசைமாறும்.

அருகிலுள்ள மரத்தில் சிறு தொட்டில்கள் கட்டியிருப்பதைக் காண்பீர்கள். பிள்ளை வரம் வேண்டி வருவோர் கட்டியவை அவை. பிள்ளைகள் விளையாட்டாக அவற்றை இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதலர் பாறைக் கதை பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணைப் பற்றியது. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடி அவள் இந்த முனையிலிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவள் பெயரையும் 1687ஆம் ஆண்டையும் தாங்கிய கற்றூண் இருப்பது உண்மை. அந்தத் தூணும் பழைய கோயிலின் தூண்களுள் ஒன்றே. ஆனால் அவள் பின்னர் மணம்செய்து வாழ்ந்தாள் என்பதை ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. சோகக் கதையைச் சொல்லும்போது இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

கடலில் திமிங்கிலம் தெரியுமா?

தெரியக்கூடும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை, கடல் அமைதியாக உள்ள காலைகளில், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகில் வருவதுண்டு. நிலத்தில் நின்றபடியே நீலத் திமிங்கிலத்தைக் காணக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை. தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். தொலைவில் நீராவி தூண்போல எழுவதைத் தேடுங்கள். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை, அதற்குமேல் வற்புறுத்தவேண்டாம்.

மான்களுக்கு என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள். கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றிய தெருக்களிலும் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. மனிதரைக் கண்டு அஞ்சாமல் அருகில் வருவதால் பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் பெருவிருப்பம். ஆனால் பிஸ்கற், பாண், பொரி இவையெல்லாம் அவற்றின் உணவல்ல. அதைவிடப் பெருங்கேடு, உணவு மணம் ஒட்டிய பொலித்தீன் பைகளையும் சாப்பாடு சுற்றிய தாள்களையும் மான்கள் சேர்த்து விழுங்குவது. அவை வயிற்றில் தங்கி மான்களைக் கொல்கின்றன. இந்த ஊரார் பல காலமாக இதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பையும் உங்களோடு திரும்பிப் போகவேண்டும். கொம்புள்ள கலைமானைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். கன்றோடு நிற்கும் பிணையையும் நெருங்கவேண்டாம்.

கோட்டைக்குள் வேறு என்ன பார்க்கலாம்?

பின்னாளில் வெலிங்ரன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் முடிவில் இங்கே படையோடு தங்கியிருந்தார். அவர் தங்கிய வீடு என்று காட்டப்படும் கட்டடம் கோட்டைக்குள் உள்ளது. இங்கிருந்து பம்பாய்க்குச் சென்ற அவர் நோயுற்றதால், எகிப்துக்குப் போகவிருந்த கப்பலில் ஏற முடியவில்லை. அந்தக் கப்பலோ கடலில் தொலைந்துபோனது. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் அவரே. பழைய பீரங்கிகளையும் மதிலின் கொத்தளங்களையும் பாதையோரத்தில் காணலாம். முகாம் எல்லைக்குள் இருப்பவற்றைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா?

வாசல், மதில், மலை, கடல் ஆகியவற்றைப் படமெடுக்கலாம். படையினரையும் முகாம் கட்டடங்களையும் எடுக்கவேண்டாம். கோயிலின் உள்ளே மூலவரைப் படமெடுப்பது கூடாது. ட்ரோன் பறக்கவிடும் எண்ணத்தோடு வராதீர்கள். இது இராணுவப் பகுதி.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை வசதிகள் எப்படி?

கோயிலுக்கு ஏறும் பாதையில் இளநீர், குளிர்பானம், கச்சான், பூசைப் பொருள், விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. முழுச் சாப்பாட்டுக்கு நகருக்குள் இறங்குவதே நல்லது. கடைத்தெருப் பக்கம் சைவ உணவகங்களில் காலை இடியப்பமும் சொதியும், தோசையும் வடையும் கிடைக்கும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளையும் முதியவர்களையும், கோட்டைக்குள் நுழையுமுன்னரே, தங்கிய இடத்திலோ உணவகத்திலோ கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள். தொப்பியும் குடையும் மறக்கக்கூடாதவை.

எந்த வழியாக வருவது?

கொழும்பிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர்; கந்தளாய்க் குளத்தைக் கடந்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். கொழும்பு கோட்டையிலிருந்து கல்லோயாச் சந்தி வழியாகத் திருகோணமலைக்குப் புகையிரதப் பாதையும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் வவுனியாவில் திரும்பி ஹொறவப்பொத்தானை வழியாக வருகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகக் கரையோரமாகவே வரலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே பாதைப் படகுக்காகக் காத்து நின்ற நேரத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரவில் காட்டுப்பாதையில் யானைகள் குறுக்கிடுவதால், குடும்பத்தோடு சொந்த வாகனத்தில் வருவோர் பொழுது சாயுமுன் ஊர் சேர்வதுபோலப் புறப்படுங்கள்.

கோட்டை பார்த்து முடிந்தபின் மிகுதி நாளை எப்படிக் கழிக்கலாம்?

மலையிலிருந்து இறங்கியதும் டச்சுக் குடாக் கரையில் பிள்ளைகள் சிறிது நேரம் விளையாடலாம். அதன் அருகில், ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்றில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டையின் வரலாற்றை வாசலில் கேட்ட பிள்ளைகளுக்கு அது நல்ல தொடர்ச்சி. மாலையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகலாம். கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். ஏழு கிணறுகளிலும் வெப்பம் வெவ்வேறாக இருப்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்று கன்னியாவைச் சொல்வார்கள் ஆதலால், இராவணன் வெட்டைப் பார்த்த அதே நாளில் அங்கே போவது பொருத்தமாயிருக்கும்.

தீவுக்குத்தான் போகவேண்டும் என்ற பிள்ளையின் ஆசையை நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு தீர்த்துவைக்கும். 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து படகில் சில நிமிடங்களே ஆகும். அங்கே நுழைவுச் சீட்டும் படகுக் கூலியும் தனித்தனியே கட்டவேண்டும். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். பவளப்பாறைகளின்மேல் கால் ஊன்றவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஆனால் கோட்டையையும் புறாத்தீவையும் ஒரே நாளில் திணிக்கவேண்டாம். இரண்டும் காலை வேளைக்கு உரியவை.

ஒஸ்ரன்பேர்க் கோட்டையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். உட்துறைமுக வாயிலைக் காத்த அந்தக் கோட்டையும் 1782இல் போர் கண்டது. அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன் அனுமதி பெற்றவரே போகமுடியும். அனுமதி பெற விரும்புவோர் பயணத்துக்குப் பல நாட்கள் முன்னரே எழுத்துமூலம் விண்ணப்பித்து, குடும்பத்தில் வருகிற அனைவரின் அடையாள அட்டை விவரங்களையும் கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும்.